பேரனுக்குப் பாட்டனார் பெயர்: தமிழ் முஸ்லிம்களின் பெயர் மரபு குறித்துச் சில செய்திகள்

தமிழில் ‘பேரன்’ என்பது ‘பெயரன்’ என்னும் சொல்லின் மரூஉ. பாட்டனாரின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். நம் வீடுகளிலும் அண்மைக்காலம் வரை மூத்த பேரனுக்கு வாப்பாவைப் பெற்றவரின் பெயரையும், அடுத்தவனுக்கு உம்மாவைப் பெற்றவரின் பெயரையும் இடுவது பரவலான வழக்கமாக இருந்தது. பெயர் தேடவேண்டிய தேவையே அன்று எழவில்லை. பெயர் முன்பே வீட்டில் இருந்தது; பிள்ளை மட்டுமே வரவேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு, மருமகன் முறையுள்ள இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆண் குழந்தை பிறந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. ஏழாம் நாள் அகீகா. “மாமா, பழைய பேரா இருக்கணும். ஆனா ஸ்கூல்ல கூப்பிட்டா நாலு புள்ளைங்க திரும்பிப் பார்க்கக் கூடாது. நல்லதா ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

அவருடைய வாப்பா மறைந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. உம்மா அந்தக் காலத்துப் பெண்மணி. கணவர் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னவரல்லர். “அவங்க பேரை வைக்கச் சொல்லு” என்று மகள் வழியாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தப் பெயர் ஷேக் தாவூத். மகனுக்குத்தான் தயக்கம். அது தர்காவை ஒட்டி வந்த பெயர், வேண்டாம் என்று நண்பர்கள் சிலர் கூறிவிட்டனர் என்பது ஒன்று. மற்றதைச் சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் அடிபடும் குற்றவாளி ஒருவனுக்கும் அதே பெயர். “நாளைக்கு ஏதாவது ஏர்போர்ட்ல என் புள்ளையை மட்டும் தனியா நிறுத்தி வைப்பாங்களோ மாமா?”

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இரண்டு நாள் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவேடுகள் சில, தகரப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. முத்தவல்லியிடம் அனுமதி பெற்று அவற்றைப் புரட்டினேன். மிகப் பழையவை அரபுத் தமிழில் எழுதப்பட்டவை, ஓரங்கள் பொடிந்துவிட்டன. மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், மணமகளின் ஊர், வலீ, மஹர், சாட்சிகள் என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் வரலாறு. பெயர்களைப் படித்துக்கொண்டே சென்றபோது ஒன்று வியப்பூட்டியது. இன்று நாம் ‘பழமையானது, அரியது’ என்று கருதும் பெயர்கள் அன்று சிறிதும் அரியவையல்ல. பக்கத்துக்குப் பக்கம் முகைதீன். மணமகன் முகைதீன், அவர் தந்தை முகைதீன், சாட்சியும் முகைதீன்.

இதற்குக் காரணமானவர் பகுதாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 561-இல் (கி.பி. 1166) மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள். காதிரிய்யா தரீக்கா நம் கடற்கரையெங்கும் வேரூன்றியபோது அப்பெரியார் ஒருவரிடமிருந்தே பல பெயர்கள் கிளைத்தன. ‘மார்க்கத்தை உயிர்ப்பிப்பவர்’ என்னும் அவருடைய சிறப்புப் பெயர் முகைதீன், மொய்தீன், மைதீன் என்றாயிற்று. இயற்பெயரிலிருந்து காதர் வந்தது. ஊரிலிருந்து ஜீலானி வந்தது. தெருவில் ஐந்து மைதீன்கள் இருந்தால் என்ன செய்வது? நெட்டை மைதீன், கடலைக்கடை மைதீன், பினாங்கு மைதீன் என்று மக்கள் பிரித்தறிந்துகொண்டனர். பெற்றோரும் சும்மா இருக்கவில்லை. காஜா மைதீன், மீரா மைதீன், நாகூர் மைதீன், முகைதீன் அப்துல் காதர் என்று இரண்டு மூன்று பெயர்களை இணைத்தனர். நம் பாட்டன்மாரின் பெயர்கள் நீண்டிருப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

இவ்விணைப்புப் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் அவற்றில் ஊர் தெரியும். சாகுல் ஹமீது, நாகூர் கனி, நாகூர் மீரான் ஆகிய பெயர்கள் 16-ஆம் நூற்றாண்டில் வடநாட்டு மாணிக்கப்பூரிலிருந்து வந்து நாகூரில் அடக்கமான வலியாரின் நினைவைச் சொல்பவை. செய்யிது இபுறாகீம் என்றால் ஏர்வாடி. அபூதாஹிர் என்றால், அங்கு அடக்கமான அப்பெரியாரின் மைந்தர். நத்தர்ஷா என்ற பெயரைக் கேட்டதும் திருச்சிராப்பள்ளி நினைவுக்கு வரும். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் அந்நகரமே நத்தர் நகர் என்று அழைக்கப்பட்டதுண்டு. பீர் முகம்மது என்பது தக்கலையில் அடக்கமான ஞானப் புலவரின் பெயர். ஒருவர் தம் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எந்தக் கரையைச் சேர்ந்தவர், தாய்வழி எந்த ஊர் என்று ஊகித்துவிடும் முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்று அந்த வித்தை பலிக்காது.

வலிமார் பெயர்களுக்கும் முற்பட்ட ஓர் அடுக்கு உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தில் குதிரை வாணிகம் செழித்திருந்தபோது, பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கியவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். அவருடைய உடன்பிறந்தவர் ஜமாலுத்தீன், பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகளை அனுப்பியவர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவர்களைக் குறித்து எழுதியிருக்கிறார். ‘மார்க்கத்தின் அழகு’, ‘மார்க்கத்தில் இறையச்சம் மிக்கவர்’ என்று பொருள்படும் இவை முதலில் பட்டங்கள். பிற்காலத்தில்தான் குழந்தைகளுக்கு இடும் பெயர்களாயின. ஜமாலுத்தீன் இன்றும் எங்கும் உண்டு. தகியுத்தீன் அருகிவிட்டது. ஏறத்தாழ 700 ஆண்டுகளாக இம்மண்ணில் வழங்கும் ஒரு பெயர், இன்று ஒரு வகுப்பறையில் இருமுறை ஒலிக்க வாய்ப்பில்லை. பழமையும் அருமையும் ஒருங்கே வேண்டுவோருக்கு இதனினும் பொருத்தமான பெயர் எளிதில் கிட்டாது.

அரபுப் பெயர்கள் தமிழ் நாவில் புழங்கிப் புழங்கி உருமாறியதையும் இங்கே கூறவேண்டும். கீழக்கரைச் செல்வந்தர் ஷெய்கு அப்துல் காதிர், புலவர்களைப் புரந்தவர்; உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர். தமிழ் உலகம் அவரைச் சீதக்காதி என்றே அறியும். உஸ்மான் உதுமான் ஆனார். யஃகூப் யாக்கூபு ஆனார். நூஹ் நூகு ஆனார். இதனைப் பிழை என்று இகழும் இளைஞர்கள் உளர். துருக்கியர் முஹம்மத் என்னும் பெயரை மெஹ்மெத் என்பர். செனகல் நாட்டவர் மமது என்பர். அவர்களை எவரும் திருத்தப் புறப்படவில்லை. பதிவேட்டிலும் கடவுச்சீட்டிலும் எழுத்துகள் திருத்தமாக இருக்கட்டும். உம்மும்மா அழைக்கும்போது அவருடைய நாவுக்கு வசப்பட்டபடி அழைத்துவிட்டுப் போகட்டும்.

பெயர்கள் தலைமுறைகளைக் கோத்து நின்ற முறைக்குச் சிறந்த சான்று, நாடறிந்த ஒரு பெயரே. ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்பிள்ளையின் பெயரில் தந்தை, பாட்டனார், பூட்டனார் மூவரும் இருக்கின்றனர். ஜைனுலாப்தீன் என்பது ‘வணக்கசாலிகளின் அணி’ என்னும் பொருளுடைய ஜைனுல் ஆபிதீன். ஹுஸைன் (ரலி) அவர்களின் மைந்தரான அலீ (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயர். பக்கீர் என்பது அல்லாஹ்வின் முன் தேவையுடையவன் எனத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொல். முன்னெழுத்துகளாக மட்டும் பார்ப்பவருக்கு இவை ஏ.பி.ஜே.; விரித்துப் படிப்பவருக்கு ஒரு குடும்பத்தின் வழிமுறை.

இனி, மருமகனின் முதல் தயக்கத்துக்கு வருவோம். பெயரிடுதலில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி என்ன?

அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானவை அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகிய பெயர்கள் என்று அவர்கள் கூறியதை நாம் அறிவோம். சில பெயர்களை அவர்கள் மாற்றவும் செய்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் முந்தைய பெயர் அப்து அம்ர். அல்லாஹ் அல்லாதாருக்கு அடிமை என்று பொருள்பட்டதால் அது மாறியது. பின்னாளில் மக்காவின் உமய்யா, தனக்கு ரஹ்மானைத் தெரியாது, பழைய பெயரால்தான் எழுதுவேன் என்று முரண்டு பிடித்த செய்தி புகாரியில் உள்ளது. ஒரு பெயருக்குள் எவ்வளவு பெரிய வழக்கு அடங்கியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால், அறியாமைக் காலத்தில் இடப்பட்ட பெயர்கள் அனைத்தையும் அவர்கள் களைந்துவிடவில்லை. உமர், ஹம்ஸா, தல்ஹா, காலித் ஆகியவை இஸ்லாத்துக்கு முன்பு இடப்பட்ட பெயர்களே. அவை அவ்வாறே நிலைத்தன. இணைவைப்பு, தீய பொருள், தற்புகழ்ச்சி ஆகியவை இருந்த இடத்தில்தான் மாற்றம் நிகழ்ந்தது.

‘ஹஸ்ன்’ என்றால் கரடுமுரடு. அப்பெயருடைய ஒருவரை ‘ஸஹ்ல்’, அதாவது எளிமை என்று மாற்றிக்கொள்ளுமாறு அண்ணலார் சொன்னார்கள். தந்தையிட்ட பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பிற்காலத்தில் அவருடைய பேரர், பேரறிஞர் ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்), அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தை விட்டு நீங்கவே இல்லை என்று கூறியிருக்கிறார். பாட்டனார் பெயர் என்பதற்காக மட்டும் எதையும் சுமக்கவேண்டியதில்லை என்பதற்கு இது போதுமான சான்று. பொருள் நன்றாக இருந்தால்?

அண்ணலாருக்கு மதீனாவில் ஆண் மகவு பிறந்தபோது, தம் தந்தை இப்ராஹீமின் பெயரை இட்டதாக அறிவித்தார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட முன்னோரை அவர்கள் ‘என் தந்தை’ என்றே குறிப்பிட்டார்கள். தல்ஹா (ரலி) தம் மைந்தர்களுக்கு நபிமார்களின் பெயர்களைச் சூட்டினார். ஸுபைர் (ரலி) ஷஹீதான தோழர்களின் பெயர்களைத் தேர்ந்தார். ஹம்ஸா, ஜஅஃபர், முஸ்அப், முன்திர் என்று தம் மைந்தர்களை அழைத்தார். இப்னு ஸஅத் இதனைப் பதிந்திருக்கிறார். நல்லடியார் ஒருவரின் நினைவாகப் பெயரிடுவது ஸஹாபாக்களின் வழக்கமே. ஒருவரிடம் நேர்ந்துகொள்வது வேறு, அவரை நினைவுகூர்வது வேறு. நம் ஊர்களில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதை நான் மறுக்கவில்லை. கலந்ததைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, பெயர்களையே கூட்டித் தள்ளிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

தள்ளிய இடத்தில் எவை வந்தன? எழுபதுகளுக்குப் பின் நம்மவர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றபோது பைசல் போன்ற பெயர்கள் வந்தன. சவூதி மன்னர் பைசலின் ஆட்சி 1964 முதல் 1975 வரை. என் வயதுக்குச் சற்று இளையவர்களில் அப்பெயருடையோர் பலர். இன்று கைப்பேசியில் தேடுகின்றனர். எங்கள் மக்தபில் அயான், ரையான், ஜயான் என்று வரிசையாக அழைத்தால் பிள்ளைகளே குழம்பிவிடுகின்றனர். ரய்யான் சிறந்த பெயர்தான். நோன்பாளிகள் நுழையும் சுவனவாயிலின் பெயர். ஆனால், எவருக்கும் இல்லாத பெயரைத் தேடும் பெற்றோர் அனைவரும் ஒரே பட்டியலைப் பார்த்தால் விளைவு வேறெப்படி இருக்கும்?

அரிய பெயரை விரும்புவது தவறன்று. ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு முதுமையில் மைந்தரை வாக்களித்த இறைவன், யஹ்யா என்னும் பெயரையும் தானே அருளினான். அதற்குமுன் அப்பெயரை எவருக்கும் ஆக்கவில்லை என்று திருமறை எடுத்துக்கூறுகிறது. உவைஸ் என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள். யமன் நாட்டு உவைஸுல் கர்னீ (ரஹ்), தாய்க்குப் பணிவிடை செய்தவர். அண்ணலாரைக் காணும் பேறு பெறாதவர். ஆயினும், அவரைக் கண்டால் உங்கள் பிழைபொறுக்க இறைஞ்சுமாறு கேளுங்கள் என்று உமர் (ரலி) அவர்களிடம் அண்ணலார் சொல்லிச் சென்றார்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேடித் தொகுத்த இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களால் அப்பெயர் தமிழுக்கும் உரியதாயிற்று. எத்தனை வகுப்பறைகளில் இன்று ஓர் உவைஸ் இருக்கிறான்? சதக்கத்துல்லாஹ், நூஹ், அபூதாஹிர் ஆகிய பெயர்களும் இவ்வாறே காத்துக் கிடக்கின்றன.

மருமகனுக்கு இவற்றையெல்லாம் சொல்லலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பதிவேட்டில் கண்ட ஒரு வரி எண்ணத்தை மாற்றிவிட்டது. அவருடைய பாட்டனாரின் நிக்காஹ் அதில் பதிவாகியிருந்தது. மணமகளின் ஊர் என்ற இடத்தில் முத்துப்பேட்டை என்று எழுதியிருந்தது. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பது வழக்கம். முத்துப்பேட்டைக்கு அருகே ஜாம்புவானோடையில் அடக்கமானவர் ஹக்கீம் ஷேக் தாவூது வலியுல்லாஹ். மறைந்த வாப்பாவுக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று. ஒரு பெண் தன் பிறந்த ஊரைத் தன் மகனின் பெயருக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் முத்துப்பேட்டை உறவை நினைவில் வைத்திருப்பவர் இன்று ஒருவருமில்லை. பெயர் மட்டுமே நினைவில் வைத்திருந்தது.

நான்காம் நாள் அவரை அழைத்துப் பேசினேன். ‘ஷேக்’ என்பது மரியாதைச் சொல். அது வாப்பாவோடு இருக்கட்டும். ‘தாவூத்’ என்பது ஒரு நபியின் பெயர். இரும்பு அவருக்காக மென்மையாக்கப்பட்டது; மலைகளும் பறவைகளும் அவரோடு சேர்ந்து இறைவனைத் துதித்தன. அரசராக இருந்தும் தம் கையால் உழைத்து உண்டவர் அவர். ஒருநாள் நோற்று ஒருநாள் விடும் அவருடைய நோன்பே நோன்புகளில் சிறந்தது என்று அண்ணலார் கூறினார்கள். நபிமொழித் தொகுப்புகளுள் ஒன்றைத் தந்தவர் அபூதாவூத் (ரஹ்). நம் தமிழ்நாட்டிலேயே பா. தாவூத்ஷா (1885–1969) இருந்தார். ‘தாருல் இஸ்லாம்’ இதழை நடத்தியவர், பிழையற்ற தமிழை வற்புறுத்தியவர், கம்பனிலும் தோய்ந்தவர். மார்க்கத்தின் பெயரால் நிலவிய மூடப் பழக்கங்களைக் கடுமையாகச் சாடியவர். உங்கள் நண்பர்கள் தர்காப் பெயர் என்று ஒதுக்கும் அதே பெயரைத் தாங்கித்தான் அவர் எழுதினார் என்றேன்.

மற்ற அச்சத்துக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அந்தக் குற்றவாளியின் பெயரின் மறுபாதியும் ஒரு நபியின் பெயரே. அதனை நாம் கைவிட்டோமா என்று மட்டும் கேட்டேன். விமான நிலையத்தில் எவரும் தடுத்து நிறுத்தமாட்டார்கள் என்று உறுதி கூறுவதற்கு நான் யார்? எந்தத் தீங்கும் செய்யாத பெயர்களையும் அங்கு நிறுத்தி வைக்கின்றனர். அவர் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. பிறகு, “முத்துப்பேட்டைன்னு பதிவேட்டுலயே இருக்கா மாமா? அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றார்.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, இரு ஆடுகள் அறுத்து, பிள்ளைக்குத் தாவூத் என்று பெயரிட்டனர். நகராட்சியில் பெயரைப் பதிய ஓராண்டு வரை கட்டணமின்றி இடமுண்டு. அவர் அந்த வாரமே பதிந்துவிட்டார். பெரிய உம்மாவுக்குத்தான் புதிய சிக்கல். கணவர் பெயரைச் சொல்லாத வாய், பேரனை எப்படி அழைக்கும்? தொட்டிலருகே அமர்ந்து, “முத்துப்பேட்டையார் முழிச்சுட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.